படகில் மீன் இல்லை

அத்தியாயம் 9

கிடியன் நாலு மணிப் படகில் வருகிறான் என்பது பார்சன் தீவில் நாய்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவன் இறங்குவானா, அதே படகில் திரும்பிப் போவானா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அது அவன் அக்கா எஃபியின் கையில் இருந்தது. எஃபி அக்காவின் முடிவு என் கையில் இருந்தது. என் கையிலோ ஒன்பது வருடப் பழைய கோப்பு ஒன்றும், ஆறிப்போன தேநீரும்தான் இருந்தன.

“பாஸ், மணி ஒண்ணேகால்” என்றாள் டாரியா. “அந்தக் கோப்ப நாலாவது தடவையா படிக்கிறீங்க. எழுத்தெல்லாம் தேஞ்சு போயிடும்.”

டாரியா என் உதவியாளர். நாற்பத்திரண்டு வயது. கனடாவின் நடுவில், கோதுமை வயலைத் தவிர வேறெதுவும் இல்லாத சஸ்காச்சவனில் பிறந்தவள். போன வாரம்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இவ்வளவு தண்ணிய யாரும் மூடி வைக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள். நான் ஹெட்லி. பக்கத்துத் தீவில் பிறந்து, கிழக்குக் கரை நகரமான செயின்ட் ஜான்ஸில் போலீஸ் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு இப்போது மற்றவர்களின் சந்தேகங்களைத் தீர்த்துச் சாப்பிடுகிறவன்.

விஷயம் இதுதான். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலை, எஃபி அக்காவின் கணவர் ஏமஸும் தம்பி கிடியனும் ஒரே படகில் போனார்கள். மாலையில் கடும் பனிமூட்டத்துக்குள் திரும்பும்போது, வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் கெட்டில் முனையருகே படகு மூழ்கியது. கிடியன் காலிப் பெட்ரோல் டின் ஒன்றைக் கட்டிக்கொண்டு பாறையில் ஒதுங்கினான். ஏமஸ் மூன்றாம் நாள் ஒதுங்கினார். அன்று காற்று இல்லை, கடல் அசையவில்லை, பிறகு இழுத்து மேலேற்றிப் பார்த்த படகில் ஓட்டை இல்லை.

அக்கரையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி இப்படி எழுதியிருந்தார்: ‘திரும்பும்போது படகு காலி. அமைதியான கடலில் காலிப் படகு தானாக மூழ்குவதற்குக் காரணம் தெரியவில்லை.’ அதற்குமேல் அவர் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இருக்கவில்லை. முந்தின வாரம் சீட்டாட்டத்தில் கிடியன் ஏமஸைப் பார்த்து, “உன்ன ஒரு நாள் கடல்ல தள்ளுறேன் பாரு” என்று கத்தியதை ஊரே கேட்டிருந்தது. கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. ஊர் வாயில் நின்றது. இலையுதிர் காலத்தில் கிடியன் அல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்கு வேலைக்குப் போனவன்தான். திரும்பவே இல்லை.

இப்போது அவன் நுரையீரல் கெட்டுவிட்டது. இந்தக் கோடையைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் வந்து சாக அனுமதி கேட்டு அக்காவுக்கு நாலு வரிக் கடிதம் எழுதியிருந்தான். எஃபி அக்கா பதில் எழுதவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“அவன் என் புருஷனக் கொன்னானா, இல்லையா? அத மட்டும் சொல்லு தம்பி. கொல்லலன்னா துறைக்குப் போய் கூட்டிட்டு வர்றேன். தெரியலன்னு சொன்னா, நான் வாசக்கதவத் திறக்க மாட்டேன்.”

முந்தாநாள் கிடியனுடன் போனில் பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவன் மூச்சைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. “தோண்டாத ஹெட்லி. அவ என்மேல கோவமாவே இருக்கட்டும். கோவம் இருந்தா மனுஷி எழுந்து நடமாடுவா” என்றான்.

“குத்தவாளிங்கதான் பாஸ் இவ்வளவு பெருந்தன்மையா பேசுவாங்க” என்று டாரியா அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டாள். 

நாங்கள் தங்கியிருந்தது வெர்டா அக்காவின் வீட்டில். டாரியா பசி தாங்காமல் சமையலறைப் பக்கம் தலையை நீட்டினாள்.

“வெர்டா அக்கா, மதியத்துக்கு என்ன? மீன் இருக்கா?”

“மீன் இல்ல கண்ணு. ஒண்ணுகூட இல்ல. சால்மன் இருக்கு, வைக்கவா?”

டாரியா நீட்டிய தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். “பாஸ், என் காதுல கோளாறா, அவங்க வாய்ல கோளாறா?”

நான் கோப்பிலிருந்து நிமிரவில்லை. “இங்க மீன்னா காட்ங்கிற ஒரு வகை மட்டும்தான். மத்ததுக்கெல்லாம் தனித்தனியா பேர் இருக்கே, அப்புறம் எதுக்கு மீன்னு சொல்லணும்?”

“அப்போ சால்மன் என்ன, கத்திரிக்காயா?”

“சால்மன் சால்மன்தான் கண்ணு” என்றார் வெர்டா அக்கா உள்ளேயிருந்து, குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு.

“நல்ல ஊரு. ஒருத்தன் படகு முழுக்க சால்மனோட வந்து, ‘மீன் இல்ல’ன்னு சொன்னா அது பொய் இல்லையா?”

“பொய் இல்ல. உண்மை” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. கோப்பைப் பின்னால் புரட்டினேன். ஏழாவது பக்கத்தில், எஃபி அக்காவின் வாக்குமூலத்தில், ஒரே வரி: ‘திரும்பும்போது படகில் மீன் ஏதும் இல்லை.’ பதினொன்றாவது பக்கத்தில் அதிகாரியின் முடிவு: ‘படகு காலி.’

நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் ஏழாம் பக்கத்தைத் தீவுக்காரனாகப் படித்தேன், பதினொன்றாம் பக்கத்தைப் போலீஸ்காரனாகப் படித்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“கோட் எடுத்துக்க. கிளம்பு.”

“சால்மன்?”

“அது மீனே இல்லையே, விட்டுட்டு வா.”

“பழிவாங்கறீங்க பாஸ்” என்றபடி அவள் தட்டிலிருந்து ஒரு துண்டை விரலால் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கடற்கரைப் பாதையில் பனிமூட்டம் இடுப்புயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. கேப்லின் கரையேறுகிற வாரம். நெத்திலியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளிக் குஞ்சுகள் அலையோடு அலையாக லட்சக்கணக்கில் வந்து கூழாங்கற்களில் புரண்டுகொண்டிருந்தன. ஆண்களும் பெண்களும் வாளியோடும் வீச்சு வலையோடும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பாதி வாணலிக்கு, மீதி தோட்டத்துக்கு. பாறைமேல் ஒட்டிக்கிடக்கும் இந்த ஒரு சாண் மண்ணில் உருளைக்கிழங்கு விளைகிறதென்றால், அது கேப்லினை உரமாகப் புதைப்பதால்தான்.

டாரியா வழுக்கி, என் தோளைப் பிடித்து நின்றாள். கரை நெடுக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, செத்த கேப்லின் வெள்ளையாகக் கிடந்தது.

“வருஷா வருஷம் இப்படித்தானா?”

“ஜூன்ல எப்பவும் இப்படித்தான். ஏமஸ் செத்ததும் ஜூன்லதான்.” நான் நின்றேன். “டாரியா, இதுல இன்னொரு படகு கேப்லினக் கொண்டுவந்து கொட்டினா, யாருக்காவது வித்தியாசம் தெரியுமா?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டால் நான் சரியான வழியில் போகிறேன் என்று அர்த்தம்.

எஃபி அக்கா வீட்டு வாசலில், படகு கட்டுகிற மரமேடையில், தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சர்ச்சுக்குப் போகிற நீலக் கோட்டு போட்டிருந்தார். காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. பாதி மனசு கிளம்பிவிட்டது, பாதி கிளம்பவில்லை.

“சொல்லு தம்பி. எழுந்துக்கவா, உள்ள போகவா?”

“ஒண்ணு ரெண்டு கேள்வி அக்கா. அன்னைக்கு சாயங்காலம் நீங்க படகப் பார்த்தீங்களா?”

“எங்க பார்க்கறது? கைய நீட்டினா கை தெரியல, அப்படிப் பனி. மோட்டார் சத்தம் கேட்டுச்சு. இங்க நின்னு, ‘மீன் இருக்கா?’ன்னு கத்தினேன். வர்ற படகக் கேக்காம இருப்பமா?”

“அவர் என்ன சொன்னார்?”

“‘ஒண்ணுகூட இல்ல’ன்னார். சிரிச்சார்.” அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “ரெண்டு பேரும் காலைல காட் மீனுக்குத்தான் போனாங்க. ஒண்ணுமில்லாம வர்றாரு, அதுல சிரிப்பு வேறயான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. உள்ள போயிட்டேன்.”

“அதிகாரிகிட்ட என்ன சொன்னீங்க?”

“கேட்டதத்தான் சொன்னேன். மீன் இல்லன்னு சொன்னேன்.”

“படகு காலின்னு சொன்னீங்களா?”

எஃபி அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். “காலியா? அத நான் எப்படிச் சொல்வேன்? நான்தான் படகையே பார்க்கலையே.”

“அவர் அப்படித்தான் எழுதியிருக்கார்.”

“அத எனக்கு யாரும் படிச்சுக் காட்டல” என்றார் மெதுவாக. “படகு மூழ்கக் காரணமே இல்லன்னு எழுதியிருக்காங்கன்னு மட்டும் சொன்னாங்க. சர்க்கார் காகிதத்துல சும்மாவா எழுதுவாங்கன்னு இருந்துட்டேன்.”

நான் மேடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைச் சுவரைப் பார்த்தேன். கயிறு, மிதவைகள், துடுப்புகள் எல்லாம் ஆணி ஆணியாகத் தொங்கின. ஒரு பெரிய ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் கீழே பலகையில், வட்டமாக ஈயக் குண்டுகள் உரசிய தடம்.

“இங்க என்ன தொங்கிச்சு?”

“ஏமஸோட வீச்சு வலை. அதையும் தூக்கிட்டுப் போயிட்டான் என் தம்பி. அந்த வருஷம் பனிக்காலத்துலதான் கவனிச்சேன், ஆணி வெறுமையா கிடந்துச்சு. புருஷனையும் கொண்டுபோயிட்டு அவர் வலையையும் கொண்டுபோகணுமான்னு அன்னைக்கு அழுதேன்.”

“அல்பர்ட்டாவுக்கா?” டாரியாவால் அடக்க முடியவில்லை. “அங்க கடலே இல்லம்மா. வீச்சு வலைய வச்சு மாடா பிடிப்பாரு?”

எஃபி அக்கா திரும்பினார். அவருக்கு ஒன்பது வருடத்தில் இந்தக் கேள்வி தோன்றவில்லை. கோபம் வந்துவிட்டால் கணக்குப் போட யாருக்குத் தோன்றுகிறது?

“அக்கா,” என்றேன், “வீச்சு வலையில காட் பிடிக்க முடியாது. அது கேப்லினுக்கு மட்டும்தான். அன்னைக்கு காலைல அந்த வலை படகுல போச்சு. இப்பவும் கெட்டில் முனைக்குக் கீழதான் கிடக்குது. அவர் சொன்னது உண்மை. படகுல மீன் ஒண்ணுகூட இல்ல. ஆனா விளிம்பு வரைக்கும் கேப்லின் இருந்துச்சு. முனையில எப்பவும் ஒரு சின்ன அலை புரளும். காலிப் படகுன்னா ஏறி இறங்கிடும். அவ்வளவு பாரத்தோட வந்த படகு தண்ணிய அள்ளிக் குடிச்சிடுச்சு. மிதந்து வந்த கேப்லின், கரையில ஏற்கெனவே கிடந்ததோட கலந்து போச்சு. யாரும் யாரையும் தள்ளல. கிடியன் ஏமஸக் கொல்லல.”

எஃபி அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “கொல்லலையா?” என்று உள்ளங்கைக்குள் கேட்டார். “என் தம்பி கொல்லலையா?”

“இல்லக்கா.”

டாரியா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். எனக்கும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. ஒரு மனிதன் சாவதற்கு முன்னால் அவன் பெயரைக் கழுவிக் கொடுத்துவிட்டோம் என்ற பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை அரை நிமிடம் இருந்திருக்கும்.

“அப்போ ஏன் சொல்லல?” டாரியாதான் கேட்டாள், வெறும் ஆர்வத்தில். “கேப்லின் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. என்னதான் சொன்னாரு விசாரணையில?”

அந்த வரி எனக்கு மனப்பாடம். “‘படகு நிறைஞ்சு போச்சு, முழுகிப் போச்சு.’ அவ்வளவுதான். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். அதிகாரி தண்ணி நிறைஞ்சுதுன்னு எழுதிக்கிட்டார்.”

எஃபி அக்கா கைகளை முகத்திலிருந்து எடுத்தார். அழுகை நின்றிருந்தது. நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

“கேப்லின்னா சொன்ன?”

“ஆமாக்கா.”

“விளிம்பு வரைக்குமா?”

கிடியன் போனில் சொன்னது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. கோவமாவே இருக்கட்டும் என்று அவன் கெஞ்சியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள நினைத்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க எந்த ஊரிலும் வழி கிடையாது.

“அந்த வருஷம்,” என்று ஆரம்பித்தார் எஃபி அக்கா, எங்களிடம் அல்ல, தண்ணீரிடம், “எல்லா வீட்டுத் தோட்டத்துக்கும் கேப்லின் வந்தாச்சு. எனக்கு மட்டும் வரல. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்தார். அன்னைக்கு காலைல படகுல ஏறும்போது, இதே இடத்துல நின்னு கத்தினேன். ‘தோட்டத்துக்குக் கேப்லின் இல்லாம இந்த வாசல மிதிக்காத’ன்னேன். கிடியன் துடுப்பப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தான். எல்லாத்தையும் கேட்டான்.”

எஃபி அக்கா திரும்பி அந்த வெறும் ஆணியைப் பார்த்தார்.

“சிரிச்சாரே... அதுக்குத்தான் சிரிச்சிருக்கார். மீன் இல்லன்னு சொல்லிட்டு, நேரா வந்து வாசல்ல கொட்டலாம்னு. கேப்லின் இருக்கான்னு நான் இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காம கதவச் சாத்திட்டேன்.” அவர் மூச்சை இழுத்தார். “இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல தம்பி. பாதிரியார்கிட்டகூட. ஏமஸ் முகத்தப் பார்த்து நான் பேசின கடைசிப் பேச்சு அந்த ‘வாசல மிதிக்காத’தான். அது மனசுல வரும்போதெல்லாம் கிடியனத் திட்டுவேன்.”

 ‘உங்க தப்பு இல்லக்கா’ என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல வார்த்தைதான். அவர் காதில் விழவே இல்லை. உண்மையைக் கண்டுபிடித்துத் தருவதாகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். அதை யார் தலையில் இறக்கி வைக்கிறேன் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கிடியன் யோசித்திருந்தான். சொந்த ஊரையும், வீட்டையும், ஒன்பது வருடத்தையும் கொடுத்து, அக்காவுக்குக் கோபப்பட ஒரு ஆளை வாங்கிக் கொடுத்திருந்தான். நான் ஒரே வாரத்தில் அதைப் பிடுங்கிவிட்டேன்.

தூரத்தில் படகின் சங்கு கேட்டது. மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

எஃபி அக்கா எழுந்து, கழுத்துவரை கோட்டைப் பொத்தானிட்டார். “கைய குடுடி” என்றார் டாரியாவிடம். மூன்று பேரும் நடந்தோம். செருப்பை மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

துறையில் பாதி ஊர் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் கயிற்றைப் பார்க்கிற வேலை இருந்தது. படகு இருபது நிமிடம்தான் நிற்கும். பெட்டிகள் இறங்கின, ஒரு ஃபிரிட்ஜ் இறங்கியது. எல்லோரும் இறங்கிய பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவன் வந்தான். ஐம்பத்து நாலு வயதுக்காரனை அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இறங்கு பலகையின் மேல்முனையில் நின்றுவிட்டான். அக்கா கூப்பிடாமல் கால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருந்தான். திரும்பிப் போகிற டிக்கெட் அவன் சட்டைப்பையில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எஃபி அக்கா கூப்பிடவில்லை. பலகையில் ஏறி, அவனருகில் போய் நின்றார்.

“ஏண்டா சொல்லல?”

“எத?”

“கேப்லின.”

கிடியன் அவர் தோளுக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை வைத்திருக்க வேண்டியதுதான். பிறகு மூச்சுப் பிடித்துக்கொண்டு, துறையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னான்.

“சொல்ல வெக்கமா இருந்துச்சுக்கா. அது... என் தோட்டத்துக்கு. போதும்டா போதும்டான்னு அத்தான் சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் கேக்கல. இன்னும் போடு, இன்னும் போடுன்னு... என் தோட்டத்துக்குத்தான்.”

கிடியனுக்கு இந்தத் தீவில் ஒரு பிடி மண் கிடையாது. கல்யாணம் ஆகாதவன், வலைக் கொட்டகையின் மாடியில் கட்டில் போட்டுப் படுத்தவன், பிறந்ததிலிருந்து ஒரு உருளைக்கிழங்கைக்கூட நட்டதில்லை. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் மறுபடி கயிற்றைப் பார்த்தார்கள்.

எஃபி அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார்.  படகின் சங்கு இரண்டாம் தடவை ஊதியது.

“சரிடா” என்றார். “உன் தோட்டத்துக்குத்தான்.”

அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவனுக்கு முன்னால் பலகையில் இறங்கினார்.